படகு பெயிண்ட் பூசிய திறந்த கார்

போன சனிக்கிழமை நான் ஒரு கார் வாங்கினேன். பின்சீட் கிடையாது. ஏ.சி. கிடையாது. கூரை என்ற பெயரில் ஒரு துணி இருக்கிறது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் தைத்துக் கொடுத்தது. வண்டிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. எனக்கு ஐம்பத்தெட்டு... நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஏளா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? கூரையில்லாத காரு வாங்குத... மழ பெஞ்சா என்ன செய்வ?" என்றார் என் கணவர். பாத்திரக்கடைக்காரர். எதையும் விரலால் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

நியாயமான கேள்விதான். ஆனால் தூத்துக்குடியில் மழை பெய்கிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில் கூரை இருக்கிற காரும் மிதக்கத்தானே செய்கிறது?

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். இருபத்தேழு வருடமாகத் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறவள். கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு வெளியே எடுத்துத் தருகிற வேலை. பேப்பர் விஷயத்தில் என்னை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. இப்போதும் சொல்வேன். கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து.

கதைக்கு வருகிறேன்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. நீளமான மூக்கு. இரண்டு பக்கமும் உருண்டையாக விளக்குகள். பத்திரிகையைக் கொடுத்தேனா, காபி குடித்தேனா, எதுவும் நினைவில்லை. நேராக அந்த ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

இங்கிலாந்தில் செய்த வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையில் உங்களில் நாலு பேர் இணையத்தில் தேடி விலையை ஏற்றிவிடுவீர்கள்.

வீட்டுக்காரர் ஜெரோம் அண்ணாச்சி. கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தைந்து வயதிருக்கும். நல்ல குரல், நல்ல மீசை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"வீட்டுக்காரரு வரலியா மேடம்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "கார் வாங்குறது நான் அண்ணாச்சி. அவரு எதுக்கு?"

"இல்ல... வெல கில பேசணும்லா?"

"எங்கிட்ட பேசுங்க."

பேசினார். ஒரு மணி நேரம் பேசினார். இந்த வண்டியில் வேம்பார் வரைக்கும் கடற்கரை ரோட்டில் பறந்த கதை, கன்னியாகுமரிக்குப் போய் அன்றைக்கே திரும்பிய கதை. வண்டி கொழும்பிலிருந்து தோணியில் வந்ததாம். அவருடைய மாமனாருக்கு அங்கே கடை இருந்ததாம். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், இவர்களுக்கு மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட், கீழே இந்தக் காரை நிறுத்த இடமில்லை. அதனால் விற்கிறார்கள். அவருடைய மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றுகொண்டார். நல்ல டீ. இஞ்சி தட்டிப் போட்டது.

"கோயம்புத்தூர்லேருந்து ஒருத்தன் வந்தான். மெட்ராஸ்லேருந்து ரெண்டு பேரு. ஒண்ணும் அமையல" என்றார் அண்ணாச்சி.

"ஏன்?"

"மொகமே சரியில்ல."

என் முகம் சரியாக இருந்தது போல. விலை சொன்னார். புது சின்னக் கார் ஒன்றின் பாதி விலை! நான் முகத்தை மாற்றவே இல்லை. வாங்குகிற இடத்தில் சந்தோஷத்தைக் காட்டினால் தொலைந்தோம்.

பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? எல்லோரும் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். தேவையில்லை. கப்பல் இன்ஜினுக்கே பாகம் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைகள் நம் ஊரில் இருக்கின்றன. கார் இன்ஜின் எம்மாத்திரம்? பார்க்க வேண்டியது சில்லறைச் சாமான்களை. கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், டாஷ்போர்டு மீட்டர். அதில் ஒன்று தொலைந்திருந்தால் மாதக்கணக்கில் உலகம் பூராவும் தேட வேண்டும். இந்த வண்டியில் எல்லாம் இருந்தன. ஒரு திருகாணிகூடக் குறையவில்லை.

அப்புறம் துரு. எங்கள் ஊர் உப்புக் காற்றில் என் வீட்டு ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது. இந்தக் கார் மட்டும் எப்படித் தப்பித்தது? பெயிண்ட்! படகுக்கு அடிக்கிற பெயிண்ட். வண்டி முழுக்க அடர் நீலம், ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு... திரேஸ்புரத்தில் கரையேற்றி வைத்திருக்கிற படகு மாதிரியே இருந்தது. சொந்தக்காரர் ஒருவருடைய படகுக்கு ஒவ்வொரு வருடமும் பெயிண்ட் அடிக்கும்போது மிச்சம் மீதியை இந்தக் காருக்கும் பூசியிருக்கிறார்கள். பூச்சுக்கு மேல் பூச்சு. ஒரு கலெக்டர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார். பழைய கார் சேகரிக்கிற கலெக்டரைச் சொல்கிறேன்.

நான் விழவில்லை. உள்ளே ஒரு தகடுகூடக் கெடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஆனாலும் அண்ணாச்சியிடம், "ஒரிஜினல் கலர் போச்சே அண்ணாச்சி" என்று பெருமூச்சு விட்டு வைத்தேன். பேரத்துக்கு உதவும்.

அடுத்த வாரம் இசக்கியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் ஆபீஸ் வண்டிகளை ரொம்ப வருடமாகப் பார்க்கிற மெக்கானிக். அண்ணாச்சி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். க்ர்ர்... க்ர்ர்... ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மறுபடி. மீசை வியர்த்துவிட்டது.

"கப்பல் இன்ஜின்னா உள்ள எறங்கி நின்னு பாக்கலாம். இது கைக்குள்ளயே போவ மாட்டேங்கு" என்றார்.

இசக்கி பானெட்டைத் திறந்து ஏதோ தட்டினார். "பெட்ரோல் பம்பு போயிருக்குக்கா" என்றார். எனக்குள் மத்தாப்பு. பம்ப் போனால் விலையும் போகும்தானே?

அப்போது குசினி வாசலிலிருந்து அண்ணாச்சியின் மனைவி, "பம்பு நல்லாத்தான் கெடக்கு... அது அப்படி இல்ல..." என்று ஆரம்பித்தார்.

நான் பேரத்தின் உச்சியில் இருந்தேன். அந்த நேரத்தில் நடுவில் ஒரு பேச்சு வந்தால் எல்லாம் கெட்டுவிடும். சிரித்த முகத்தோடு திரும்பி, "அக்கா, இன்னொரு டீ கெடைக்குமா?" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே போனார். டீ வந்தது. விலையும் இறங்கியது. திரும்பி வரும் வழி முழுக்க இசக்கியிடம் என் சாமர்த்தியத்தை நானே பாராட்டிக்கொண்டு வந்தேன். அவரும் ஆமாம் போட்டார். பாவம், வேறு என்ன செய்வார்?

பேப்பரையும் பார்க்காமல் விடவில்லை. ஆர்.சி. புக்கில் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இருக்கிற பக்கத்தை அண்ணாச்சி ஃபோனில் படம் எடுத்து அனுப்பினார். நான் படுத்துக் காருக்கு அடியில் போய்ச் சேஸிஸ் நம்பரைத் தேடி, பெயிண்ட்டைச் சுரண்டி, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தவறாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பித்தும் வைத்திருக்கிறார்கள். என்ன பொறுப்பான மனிதர் என்று அண்ணாச்சியை மெச்சினேன்.

திங்கட்கிழமை ஷெட்டை இடிக்க ஜேசிபி வருகிறது. அதற்குள் எடுக்காவிட்டால் காயலான் கடைக்குத்தான் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். காயல்பட்டினத்திலிருந்து அதற்கு ஒரு ஆளும் வந்து எடை மதிப்புப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இந்தக் கார் எனக்கு வேண்டும். கல்யாணப் புடவைக்குக்கூட நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் இருபத்தொன்பது, முப்பது இரண்டையும் நானே பூர்த்தி செய்து எடுத்துப் போனேன். விற்கிறவர் பெயரை மட்டும் அங்கே போய் புக்கைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டிருந்தேன். மேசையில் விரித்து வைத்தேன். பேனாவை நீட்டினேன்.

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். ஃபார்மைப் பார்த்தார். பேனாவை மூடினார். மறுபடியும் திறந்தார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடி வேணுமா?"

"கண்ணாடி இல்ல தங்கச்சி..." குரல் கீழே போய்விட்டது. "வண்டி பிலோமி பேருல கெடக்கு. கையெழுத்து அவதான் போடணும்."

"பிலோமி யாரு?" என்று கேட்டேன்.

மூன்று வாரமாக அந்த அம்மா போட்ட டீயைக் குடித்தவள் கேட்ட கேள்வி இது.

குசினியிலிருந்து அவர் வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து நான் அப்போதுதான் பார்க்கிறேன். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்து ஆர்.சி. புக்கை எடுத்து என் முன்னால் தள்ளினார். பிலோமினா. முதல் பக்கத்திலேயே இருந்தது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருபத்தேழு வருடமாக இந்த ஊர்க் கப்பல்காரர்களோடு பழகியவள் நான். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருக்கிற ஆள் கரையில் எதற்குக் கையெழுத்துப் போட முடியும்? அதனால் அந்த வீடுகளில் வீடு, மனை, பேங்க், வண்டி எல்லாமே பெண்கள் பேரில்தான் இருக்கும். ஊருக்கே தெரியும். என் ஆபீசில் சேருகிற ஒவ்வொரு கிளார்க்கிடமும் முதல் நாள் நான் சொல்லுகிற பாடம், "சரக்கு அப்புறம், மொதல்ல பேரைப் பாரு." அந்த நான், மீசை பேசியதை மட்டும் கேட்டுக்கொண்டு, காருக்கு அடியில் படுத்து நம்பர் பார்த்திருக்கிறேன்.

அது மட்டுமா? ஒன்பது மாதம் அவர் கப்பலில் இருந்தால்... காரை யார் ஓட்டியது? யார் பெயிண்ட் அடித்தது? யார் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனது?

"எங்கய்யா கொழும்புல ஓட்டுன வண்டி. எனக்குன்னு தந்தாவ. இவுக கப்பல்லேருந்து லீவுல வந்தா, பக்கத்துல உக்காந்து வருவாவ" என்றார் பிலோமினா அக்கா.

அண்ணாச்சி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். வேம்பார் வரை பறந்தது உண்மைதான். பறக்க வைத்தவர் வேறு.

"கோயம்புத்தூர்க்காரவுக வந்தாவ, மெட்ராஸ்காரவுக வந்தாவ. ஒருத்தராவது, 'ஏம்மா, நீ குடுக்கியா'ன்னு எங்கிட்ட கேட்டாவளா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டேன்." ஒரு தடவை மூச்சு வாங்கினார். "நீ பொம்பள. நீயாவது கேப்பன்னு பாத்தேன். நீ டீ கேட்ட."

முகம் எரிந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் "எங்கிட்ட பேசுங்க" என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து வீரம் பேசியவள், அதே வீட்டில் இன்னொரு பெண்ணைக் குசினிக்கு அனுப்பியிருக்கிறேன். அதுவும் சிரித்துக்கொண்டே.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. அப்புறம், மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அக்கா, இந்த வண்டிய எனக்குக் குடுப்பியளா?"

"ஓட்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ஏறு."

ஷெட்டுக்குப் போனோம். நான் பக்கத்து சீட்டில். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். சோக்கை முழுதாக இழுத்தார். ஆக்ஸிலரேட்டரை இரண்டு மிதி. சாவியைப் பாதி மட்டும் திருப்பி நிறுத்தினார். கண்ணை மூடி உதடு மட்டும் அசைந்தது.

"என்னக்கா, ஜெபமா?"

"அருள் நெறஞ்ச மரியே ஒண்ணு. அது முடியுததுக்குள்ள பெட்ரோலு மேல ஏறிரும். அதுக்கு முன்னால முழுசாத் திருப்புனா கெளம்பாது. இவுகளுக்கு எங்க பொறுமை இருக்கு?"

ஜெபம் முடிந்தது. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. வாசலில் நின்ற அண்ணாச்சி, "பம்பு நல்லாத்தான இருக்கு!" என்று கத்தினார், என்னவோ அவர்தான் அதை முதலில் சொன்ன மாதிரி.

கடற்கரை ரோட்டில் ஏறினோம். காற்று முகத்தில் அடித்தது. எழுபது வயது அம்மா, சுங்குடிச் சேலை, கழுத்தில் ஜெபமாலை... இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு அவர் மாற்றியபோது ஒரு சத்தமில்லை. டீக்கடையில் நின்ற ஆட்கள் கையைத் தூக்கினார்கள். எனக்கு இல்லை, அவருக்கு. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

உப்பளம் தெரிகிற இடத்தில் ஓரம் கட்டினார். இடது முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

"கிளச்ச மிதிக்க முடியல. ரெண்டு வருசமா இந்த முட்டி விட மாட்டேங்கு. இல்லன்னா நான் எதுக்குக் குடுக்கேன்?" என்றார். கண் கலங்கியது. மறைக்கவில்லை. எனக்கும் கலங்கியது.

திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். கியர் ஒரு தடவை கரகரத்தது. அக்கா என் கை மேல் கை வைத்து மாற்றிக் காட்டினார். அதற்கப்புறம் கரகரக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார்: "பம்பு போச்சின்னு கொறச்சீல்லா, அத மட்டும் திருப்பி வையி. கலரு போச்சின்னு கொறச்சது போவட்டும். அது நான் அடிச்ச பெயிண்டுதான்."

ஒத்துக்கொண்டேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் ஒத்துக்கொண்ட முதல் விலை அதுதான்.

ஃபார்மை எடுத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார். வாங்குகிறவர் பெயர் எழுதிய இடத்தில் விரல் நின்றது.

"இது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவரு ஓட்டுவாரா?"

"இல்லக்கா. ஸ்கூட்டர் மட்டும்தான்."

"பணம் அவரு தாராரா?"

"இல்ல. என்னுது."

"பொறவு?"

பொறவு... என்ன சொல்ல? எங்கள் வீட்டில் வண்டி என்றால் அவர் பேரில்தான் எழுதுவோம். ஸ்கூட்டர், பழைய கார், எல்லாமே. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த ஃபார்மை எழுதியபோது பேனா தானாக அவர் பெயரை எழுதிவிட்டது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க வீட்டு ஆளு கடல்ல கெடந்தாவ. அதனால எல்லாம் எம் பேருக்கு வந்திச்சி. ஒனக்கு என்ன காரணம் வேணும்?"

பேனா அவர் கையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடுகிற உத்தேசமே அவருக்கு இல்லை. ஜன்னலுக்கு வெளியே கார் நின்றது. திங்கட்கிழமை ஜேசிபி.

என் பையில் எப்போதும் இன்னொரு செட் ஃபார்ம் இருக்கும். தொழில் புத்தி. எடுத்தேன். முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். எத்தனையோ கம்பெனிகளின் பெயர்களை எத்தனையோ பேப்பர்களில் எழுதியவள். என் பெயரை உரிமையாளர் என்ற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். உண்மையைச் சொல்வதற்கென்ன, நன்றாக இருந்தது.

அக்கா அதையும் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பொறுமையாக, நிறுத்தி நிறுத்தி, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

வண்டி இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. என் கணவர் நாலு பக்கமும் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டார். சத்தம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. நேற்று மெதுவாக வந்து, "சாயங்காலம் ஹார்பர் வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டார்.

மனு, உரிமையாளரின் பரிசீலனையில் இருக்கிறது!